ஓ.பி. படிப்பதும் ஓ.பி. அடிப்பதும்

கீழ்க்கண்டவற்றுள், மாஸ்லோவின் தேவைப் படிநிலையில் உச்சியில் இருப்பது எது?

அ) உணவும் உறக்கமும்
ஆ) பாதுகாப்பு
இ) அடுத்தவர் தரும் மதிப்பு
ஈ) செல்ஃப் ஆக்சுவலைசேஷன்

விடை: ஈ. ஒரு மார்க் விழுந்தாச்சு. அடுத்த கேள்விக்குப் போகலாம்.

நிலக்கோட்டைப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் உட்கார்ந்து இந்தக் கேள்விக்கு டிக் அடிக்கிற ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு. கையில் போன். பன்னிரண்டு வார ஆன்லைன் கோர்ஸ். பாடத்தின் பெயர் மேனேஜ்மெண்ட் அண்டு ஆர்கனைசேஷனல் பிஹேவியர், சுருக்கமாக ஓ.பி. வீடியோ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. தெருமுனையில் மில் வேன் ஹாரன் அடிக்கிறது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிறார் அம்மா. வேனை விட்டால் அன்றைய சம்பளம் போச்சு. அப்பா விடியும் முன்பே மல்லிகைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். மொட்டு விரிவதற்குள் பறித்து, மார்க்கெட்டுக்குச் சேர்க்க வேண்டும்...

அந்த வீட்டிலேயே இரண்டு ஆர்கனைசேஷன் இருக்கிறது. எக்கச்சக்கமாக பிஹேவியரும் இருக்கிறது. கோர்ஸில்தான் இரண்டும் இல்லை!

இந்தக் கோர்ஸ்கள் மீது வைக்க வேண்டிய குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான். வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு, வேலை வாங்குகிறவரின் கண்ணாடியை எடுத்து மாட்டிவிடுகின்றன. அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தடவை சொந்தக் கண்ணால் பார் என்று சொல்ல, திரைக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லை.

சும்மா சொன்னால் நம்ப மாட்டீர்கள். பாடத்துக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம்.

எந்த ஓ.பி. கோர்ஸை எடுத்தாலும் ஹாதார்ன் ஆய்வு இருக்கும். அமெரிக்காவில் சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலை. 1924-ல் தொடங்கி 1932 வரை அங்கே சோதனைகள் நடந்தன. வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது. குறைத்தார்கள், அப்போதும் கூடியது. 1927-ல் ஐந்து பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்து டெலிபோன் ரிலே பூட்ட வைத்தார்கள். இடைவேளை கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள். உற்பத்தி ஏறியது. ஆக, தொழிலாளிக்குத் தேவை காசு இல்லை, கவனிப்புதான்! எல்டன் மேயோ வாழ்க! பாடம் முடிந்தது. நான்கு விருப்பங்களில் சரியானதைத் தேர்வு செய்க.

பாடத்தில் பெரும்பாலும் வராத சேதி ஒன்று உண்டு. அந்த ஐந்து பேரில் இரண்டு பெண்களை 1928 ஜனவரியில் அறையை விட்டு வெளியேற்றினார்கள். வேலை நேரத்தில் ரொம்பப் பேசுகிறார்கள், சொன்னபடி கேட்பதில்லை, உற்பத்தி போதவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. அவர்கள் இடத்தில் வேறு இருவர் வந்தார்கள். அதற்கப்புறம்தான் உற்பத்தி நன்றாக ஏறியது. இன்னொன்று. அந்தச் சின்னக் குழு செய்கிற வேலைக்கு ஏற்ப அந்தக் குழுவுக்கே கூலி என்று சம்பளக் கணக்கும் மாற்றப்பட்டிருந்தது. அதிகம் செய்தால் அதிகக் காசு. ஆக, ஆள் மாற்றம் இருந்தது, காசும் இருந்தது. இதையெல்லாம் எடுத்துப் போட்டு 1967-லேயே அலெக்ஸ் கேரி என்பவர் கடுமையாக ஒரு விமர்சனக் கட்டுரை எழுதிவிட்டார்.

இந்தச் சேதியை நிலக்கோட்டை மாணவியின் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். "பேசுனா மாத்திடுவாங்கன்னு தெரிஞ்சா மத்தவ வாய மூடிட்டு ஓட்டத்தான் செய்வா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். மேயோவுக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது!

அடுத்து டெய்லர். 1911-ல் வந்த சயின்டிஃபிக் மேனேஜ்மெண்ட் புத்தகம். பெத்லகேம் ஸ்டீல் கம்பெனியில் இரும்புப் பாளம் சுமக்கும் தொழிலாளி நாளைக்கு 12.5 டன் சுமந்துகொண்டிருந்தார். டெய்லர் ஸ்டாப் வாட்ச் சகிதம் வந்து, எப்போது தூக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அதை 47.5 டன் ஆக்கினார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. பாடம் இதை வெற்றிக் கதையாகச் சொல்லும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலை கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஆகிவிட்டது. கூலி இரண்டு மடங்குகூட ஆகவில்லை.

நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டை ஒரு நாள் காலையில் நின்று பார்த்தவருக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். மல்லிகை, முல்லை, சம்பங்கி, கனகாம்பரம் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். முகூர்த்த நாள் வந்தால் மல்லிகை விலை கிலோ ஆயிரக்கணக்கில் பறக்கும். முகூர்த்தம் முடிந்து வரத்தும் கூடிவிட்டால் அதே பூ சில நூறுக்கு விழுந்து, சென்ட் கம்பெனிக்குப் போகும். விலையில் இத்தனை ஏற்ற இறக்கம். ஆனால் இருட்டில் டார்ச் கட்டிக்கொண்டு மொட்டு பறிக்கிறவருக்குக் கூலி எடைக் கணக்கில்தான். விலை பத்து மடங்கு ஏறுகிற நாளில் அவருடைய கூலியும் பத்து மடங்கு ஏறுமா என்ன? ஏறாது. பேரம், கமிஷன், கடன் கொடுத்த கடைக்கே பூவைப் போட வேண்டிய கட்டாயம், பூ வாடுவதற்குள் விற்றாக வேண்டிய நெருக்கடி... அதிகாரம் யார் கையில் இருக்கிறது, எதனால் இருக்கிறது என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடம் நடத்தலாம். அத்தனை சரக்கு அந்த ஒரு மார்க்கெட்டில் இருக்கிறது. ஆனால் 'பவர் அண்டு பாலிடிக்ஸ்' என்ற அத்தியாயத்துக்கு வரும் உதாரணம், கலிபோர்னியாவில் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் இரண்டு வைஸ் பிரசிடெண்டுகளுக்கு நடுவில் நடக்கிற சண்டை!

சரி, பூ மார்க்கெட் முறைசாராத் தொழில், மேனேஜ்மெண்ட் பாடத்தில் எப்படி வரும் என்று கேட்பீர்கள். ஆயிரக்கணக்கில் ஆள் வேலை பார்க்கிற தொழிற்சாலைக்கே போகலாம். திண்டுக்கல் மாவட்டத்தை விட்டு வெளியே போகத் தேவையில்லை.

இந்த மாவட்டத்து மில்களுக்கு 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயர் புதிதல்ல. இளம் பெண்களை மூன்று வருடம் மில் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்குவது, முடியும்போது கல்யாணச் செலவுக்கு என்று ஒரு தொகை கொடுப்பது. நடுவில் நின்றுவிட்டால் அந்தத் தொகை கைக்கு வருமா என்பது சந்தேகம். ஓ.பி. பாடத்தில் விக்டர் வ்ரூமின் எக்ஸ்பெக்டன்சி தியரி (1964) என்று ஒன்று வரும். பலன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புதான் மனிதனை உழைக்க வைக்கிறது என்பது அதன் சாரம். சுமங்கலித் திட்டத்தை இந்தத் தியரியால் விளக்கு என்று ஒரு கேள்வி கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்? எதிர்பார்ப்பையே பூட்டாக்கி ஒரு பெண்ணை உள்ளே வைத்திருக்க முடியும் என்பதை எந்தப் பிரமிடு படமும் காட்டுவதில்லை.

2021 ஜனவரியில் இந்த மாவட்டத்தில் நடந்ததை உலகமே எழுதியது. கைத்தியன்கோட்டையில் உள்ள நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் அதில் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானார். பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில்கூட உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். ஆனால் சூப்பர்வைசர் மேலேயே புகார் என்றால், அதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்ன பிறகு அடுத்த நாள் அதே வரிசையில் எப்படி உட்காருவது? இதற்குச் சட்டப் புத்தகத்தில் விடை இல்லை. இது அப்பட்டமான ஆர்கனைசேஷனல் பிஹேவியர் கேள்வி.

அதற்கு ஒரு விடையும் இங்கேயே எழுதப்பட்டது. தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸும் குளோபல் லேபர் ஜஸ்டிஸும் துணைக்கு நின்றன. 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பெயரே 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், துணி வாங்கிய எச் அண்ட் எம் ஆகியவையும் கையெழுத்துப் போட்டன. பிறகு கேப், பி.வி.எச். ஆகிய கம்பெனிகளும் சேர்ந்தன. தொழிலாளர்களிடமிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, தொல்லை நடக்கிறதா என்று பார்க்கவும் புகாரை எடுத்துச் செல்லவும் தளத்திலேயே வைத்தார்கள். ஒப்பந்தத்தை ஆலை மீறினால் ஆர்டருக்கே ஆபத்து. முதல் ஆண்டு அறிக்கையின்படி வந்த புகார்கள் 185. தீர்க்கப்பட்டவை 182.

இந்த எண்ணைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். ஒரே வருடத்தில் 185 புகார் என்றால் ஆலை திடீரென்று கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமா? இல்லை. பேசினால் ஒன்றும் ஆகாது என்ற தைரியம் வந்தது என்று அர்த்தம். கூப்பிட்டுக் கவனித்துப் பார்த்ததால் வந்த தைரியம் அல்ல. பின்னால் சங்கம் இருக்கிறது, கையில் ஒப்பந்தம் இருக்கிறது என்பதால் வந்த தைரியம். ஹாதார்னில் பேசிய இரண்டு பேரை வெளியே அனுப்பினார்கள். கைத்தியன்கோட்டையில் பேசுகிறவர்களை உள்ளேயே வைத்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டில் எது பெரிய கண்டுபிடிப்பு? எது பாடத்தில் இருக்கிறது?

"இந்திய உதாரணத்துக்கு ஆராய்ச்சி இல்லையே, பேராசிரியர்கள் என்ன செய்வார்கள்" என்று ஒரு சாக்கு உண்டு. அதுவும் செல்லாது. 1953-லேயே அகமதாபாத் காலிகோ மில்லில் ஏ.கே. ரைஸ் ஒரு சோதனை செய்தார். தானியங்கித் தறிகள் வந்திருந்தன, எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. ஆளுக்கொரு துண்டு வேலை, யாருக்கும் குழு என்று ஒன்று இல்லை. இத்தனை தறிக்கு இத்தனை பேர் கொண்ட குழு என்று யோசனை சொன்னதும் தொழிலாளர்களே தங்களுக்குள் பேசிக் குழு பிரித்துக்கொண்டார்கள். உற்பத்தி கூடியது, துணிச் சேதம் குறைந்தது. 1958-ல் அது புத்தகமாகவே வந்தது. உலகம் முழுக்கப் படித்த ஆய்வு அது. இன்றைக்கு மில் வேனில் ஏறும் அம்மாவின் மகளுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

இப்போது சிலருக்குக் கோபம் வந்திருக்கும். ஆன்லைன் கோர்ஸ் வரமாச்சே, அதையுமா குறை சொல்வது என்று.

வரம்தான், மறுக்கவே இல்லை. 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியபோது தபால்காரர் கொண்டுவந்த பாடக்கட்டுதான் இந்தப் பக்கத்துப் பலருக்குக் கல்லூரியாக இருந்தது. 2003-ல் ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். தொடங்கின. 2017-ல் ஸ்வயம் வந்தது. காசு இல்லாமல், ஹாஸ்டல் இல்லாமல், வீட்டில் சண்டை போடாமல் ஐ.ஐ.டி. பேராசிரியரின் வகுப்பைக் கேட்கலாம். 2021-ல் வந்த யு.ஜி.சி. விதிப்படி ஒரு செமஸ்டரின் கிரெடிட்டில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியே எடுக்க முடியும். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. நேரடி வகுப்பிலும் அதே புத்தகம், அதே பிரமிடுதான் என்பதும் உண்மை.

ஆனால் நேரடி வகுப்பில் ஒரு வித்தியாசம் இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து "சார், எங்கம்மா மில்லுல இப்படி இல்லையே" என்று கேட்டுவிட முடியும். நல்ல வாத்தியாராக இருந்தால் பாடம் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கும். பதிவு செய்த வீடியோவிடம் அப்படிக் கேட்க முடியாது. பன்னிரண்டு வாரமும் அசைன்மெண்ட், நான்கு விருப்பம், சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மார்க், கடைசிப் பரீட்சைக்கு 75. இந்த அமைப்பில் 'இல்லையே' என்று சொல்ல ஐந்தாவது விருப்பமே கிடையாது. அதனால் என்ன நடக்கிறது? விடைகள் டெலிகிராமிலும் யூடியூபிலும் வாரா வாரம் சுற்றுகின்றன. ஓ.பி. படிக்கச் சொன்னால் ஓ.பி. அடிக்கிறார்கள். மாணவர்களைத் திட்டிப் பயனில்லை. தன் வாழ்க்கைக்குச் சம்பந்தமே இல்லாத கேள்விக்கு யாரோ எழுதிய விடையைத்தானே தர முடியும்?

மாற்றுவதற்குக் கோடி ரூபாய் தேவையில்லை. பன்னிரண்டு அசைன்மெண்டில் ஒன்றே ஒன்றை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் இதை வைக்கட்டும்: வீட்டிலோ தெருவிலோ வேலைக்குப் போகிற ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசு. கூலி எப்படிக் கணக்கிடுகிறார்கள், யார் கணக்கிடுகிறார்கள், பிரச்சினை என்றால் யாரிடம் சொல்வார், சொன்னால் அப்புறம் என்ன ஆகும் என்று கேள். பெயரை மறைத்து இரண்டு பக்கம் எழுது. தமிழில் எழுது. பாடத்தில் படித்த எந்தத் தியரி இதற்குப் பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று கடைசியில் சொல். திருத்த ஆள் வேண்டுமே என்பார்கள். ஆன்லைன் கோர்ஸ் நடத்தும் கல்லூரிகளில் அதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் ஏற்கெனவே இருக்கிறார். இப்போது அவருடைய வேலை பெரும்பாலும் பணம் கட்டச் சொல்லி ஞாபகப்படுத்துவதுதான். வகுப்புக்கு நாற்பது பேர் என்றால் நாற்பது ஆலை, தோட்டம், கடைகளின் கதை ஒரு செமஸ்டரில் சேர்ந்துவிடும். எந்தப் பெரிய பிசினஸ் ஸ்கூலிடமும் இல்லாத சரக்கு அது.

கல்லூரி செய்யாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. இன்று ராத்திரி வேன் திரும்பி வரும். சாப்பிட உட்காரும்போது கேட்கலாம்: "ஏம்மா, மில்லுல உனக்கு ஒரு பிரச்சினைன்னா யாருகிட்டம்மா சொல்லுவ?"

அம்மா சொல்கிற பதிலையும், பதில் சொல்ல எடுத்துக்கொள்கிற நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கி: மாஸ்லோவின் 1943 கட்டுரையில் அந்தப் பிரமிடு படமே கிடையாது. பின்னால் வந்த மேனேஜ்மெண்ட்காரர்கள் வரைந்தது. பரீட்சையில் இதை எழுதி மார்க் போனால் கம்பெனி பொறுப்பல்ல :-)