‘எப்போதாவதுதான் டாக்டர்!’ - மூட்டுவலி மாத்திரையும் சனிக்கிழமை கிளாஸும்

“குடிக்கிற பழக்கம் உண்டா?”

“எப்போதாவதுதான் டாக்டர்... ஃபிரெண்ட்ஸ் சேர்ந்தா, சும்மா கம்பெனிக்கு...”

பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி, மடியில் வைத்திருந்த ஃபைலின் முனையை மடக்கி மடக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரும் ‘எப்போதாவது’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மூட்டுவலிக்குச் சிகிச்சை தரும் எந்த கிளினிக்கிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. அந்த ஒரு சொல் ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இந்தத் தம்பதியின் கதையையே பார்க்கலாம்.

அவருக்கு வயது 52. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்காது. சட்டைப் பட்டனை மனைவிதான் போட்டுவிட வேண்டும். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதத்தில் கை பழைய நிலைக்கு வந்தது. வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிடும் மாத்திரை அது.

ஆறாவது மாத ரத்தப் பரிசோதனையில் சிக்கல் வந்தது. கல்லீரலின் நிலையைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி அளவு, இருக்க வேண்டியதைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஃபைலில் ‘எப்போதாவது’ என்று இருக்கிறது. அப்படியானால் மாத்திரைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் நினைத்தார். அளவைப் பாதியாகக் குறைத்தார். அடுத்த இரண்டு மாதத்தில் வீக்கம் திரும்பி வந்தது. சட்டைப் பட்டன் மறுபடியும் மனைவியின் கைக்கு வந்தது.

மாத்திரை ஒரு தவறும் செய்யாமலேயே தண்டிக்கப்பட்டுவிட்டது என்பது அப்போது அந்த அறையில் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

‘எப்போதாவது’ என்றால் எவ்வளவு?

மதுவை கிளாஸ் கணக்கில் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. பிரிட்டனில் இதற்கு ‘யூனிட்’ என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். 10 மி.லி. சுத்தமான ஆல்கஹால் ஒரு யூனிட். நம் ஊர்க் கணக்கை அதில் போட்டுப் பார்க்கலாம்.

இங்கே விற்கும் விஸ்கி, பிராந்தியில் பெரும்பாலும் 42.8 சதவிகிதம் ஆல்கஹால். 60 மி.லி. ஊற்றினால் இரண்டரை யூனிட். 180 மி.லி. குவார்ட்டர் பாட்டில் முழுவதும் என்றால் 7.7 யூனிட். ‘பீர்தானே’ என்று சொல்லப்படும் 650 மி.லி. பாட்டில், 8 சதவிகித ஸ்ட்ராங் பீராக இருந்தால் 5.2 யூனிட்.

நம் கதாநாயகரின் ‘எப்போதாவது’ என்பது மாதத்தில் மூன்று சனிக்கிழமை. ஒவ்வொரு முறையும் ஒரு குவார்ட்டர், முடிவில் ஒரு பீர். ஓர் இரவுக்கு கிட்டத்தட்ட 13 யூனிட்! மாதத்தில் 27 நாள் தொடுவதே இல்லை என்பதால், அவர் மனதறிந்து பொய் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையிலேயே ‘எப்போதாவது’தான்.

அப்படியானால் ஒரு சொட்டும் கூடாதா?

மெத்தோட்ரெக்சேட் முதலில் புற்றுநோய்க்குப் பயன்பட்ட மருந்து. 1988-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ இதை முடக்குவாதத்துக்கும் அனுமதித்தது. இன்று உலகம் முழுவதும் இந்த நோய்க்கு முதலில் எழுதப்படும் மருந்து இதுதான். இதுவும் கல்லீரலுக்கு வேலை வைக்கும், மதுவும் வைக்கும் என்பதால் ‘தொடவே கூடாது’ என்பதுதான் நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வந்த அறிவுரை.

2017-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் முடக்குவாத நோயாளிகள் ஏறத்தாழ 12,000 பேரின் மருத்துவப் பதிவுகளை அவர்கள் பார்த்தார்கள். வாரத்துக்கு 14 யூனிட்டுக்குக் குறைவாகக் குடித்தவர்களுக்கு, குடிக்காதவர்களைவிடக் கல்லீரல் பாதிப்பு அதிகமாகத் தெரியவில்லை. அதற்கு மேல் போனவர்களுக்கு ஆபத்து கூடியது.

இதைப் படித்தவுடன், “பார்த்தியா... 14 வரைக்கும் பரவாயில்லையாம்” என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

நம் நண்பரின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 39 யூனிட், வாரச் சராசரி 9 அல்லது 10. பதினான்குக்கு உள்ளேதான் இருக்கிறார். ஆனால், அதை அவர் வாரம் முழுவதும் பிரித்துக் குடிக்கவில்லை. ஒரே இரவில் கல்லீரலின் தலையில் கொட்டுகிறார். பிரிட்டனின் பொதுவான அறிவுரையிலேயே, 14 யூனிட் வரை குடிப்பவர்கள் அதை மூன்று நாள் அல்லது அதற்கு மேல் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. தவிர, அவருக்குச் சர்க்கரை உண்டு, தொப்பை உண்டு, ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வேறு எழுதியிருக்கிறது. சர்க்கரை, உடல் பருமன், ஹெபடைட்டிஸ் பி அல்லது சி இவற்றில் ஏதாவது இருப்பவர்களுக்கு இந்த மாத்திரையோடு மது சேரும்போது ஆபத்து இன்னும் கூடும். தோலில் சொரியாசிஸும் கூடவே மூட்டுவலியும் இருப்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எனவே 14 என்பது எல்லோருக்குமான அனுமதிச் சீட்டு அல்ல. உங்களுக்கான எண் பூஜ்யமாகவும் இருக்கலாம். அதை உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல முடியும். அதற்கு அவரிடம் சரியான கணக்கு இருக்க வேண்டும்.

எந்த மாத்திரை, என்ன பிரச்னை?

மூட்டுவலி என்று பொதுவாகச் சொன்னாலும் நோயும் வேறு, மாத்திரையும் வேறு. உங்கள் மருந்துச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

* டைக்ளோஃபெனாக், ஏசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் போன்ற வலி மாத்திரைகள்: முழங்கால் தேய்மானத்துக்குப் பலரும் தாங்களாகவே வாங்கிப் போடுபவை. இவை வயிற்றின் உள்சுவரை அரிக்கும், மதுவும் அரிக்கும். இரண்டும் சேர்ந்தால் புண்ணாகி ரத்தக்கசிவு வரலாம். மலம் தார்போலக் கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

* பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு: சர்க்கரையை ஏற்றும், எலும்பை மெலிய வைக்கும். வலி மாத்திரையும் மதுவும் கூடச் சேர்ந்தால் வயிற்றுக்கு மூன்று பக்கமும் அடி.

* லெஃப்ளூனோமைட்: இதுவும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. மதுவைத் தவிர்க்கச் சொல்லி மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. உடலைவிட்டு வெளியேற வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

* டிரமடால்: கடும் வலிக்குத் தருவது. மதுவோடு சேர்ந்தால் மயக்கம் அதிகமாகி மூச்சே தடைப்படலாம். இதில் ‘கொஞ்சம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

* பாராசிட்டமால்: இரவு குடித்துவிட்டுக் காலையில் தலைவலிக்கு இரண்டு, மூட்டுக்கு இரண்டு என்று போடுபவர்கள் உண்டு. அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆபத்து. தினமும் குடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும்.

* ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின்: மதுவோடு பெரிய மோதல் இல்லை. ஆனால், இவற்றை மட்டும் சாப்பிடுபவர்கள் குறைவு. கூடவே மேலே சொன்ன ஏதோ ஒன்று இருக்கும்.

கவுட் இருந்தால் கதையே வேறு

யூரிக் ஆசிட் கூடி, நள்ளிரவில் கால் கட்டைவிரல் நெருப்பாக வீங்குமே, அந்த கவுட்டில் மாத்திரையோடு மோதுவது மட்டும் பிரச்னை அல்ல. மதுவே நோயைத் தூண்டிவிடும். யூரிக் ஆசிட் சிறுநீரில் வெளியேறுவதை அது தடுக்கிறது. பீரில், யூரிக் ஆசிட்டாக மாறக்கூடிய பியூரினும் சேர்ந்தே இருக்கிறது. அமெரிக்காவில் 47,000-க்கும் அதிகமான ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004-ல் வெளியான ஆய்வில், பீர் குடிப்பவர்களுக்குத்தான் கவுட் வரும் வாய்ப்பு மிக அதிகமாக இருந்தது. ‘அப்போ பிராந்திக்கு மாறிடலாம்’ என்றால், அதுவும் பட்டியலில் அடுத்த இடத்தில் இருக்கிறது. ஒயினும் தப்பவில்லை, ஏற்கெனவே கவுட் உள்ளவர்களுக்கு ஒயினுக்குப் பிறகும் வலி கிளம்புவதை 2014-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

தொட்டுக்கொள்ள வரும் தட்டையும் பாருங்கள். ஈரல் வறுவல், நெத்திலி ஃபிரை... இரண்டுமே பியூரின் நிறைந்தவை. கட்டைவிரல் பாவம், எத்தனையைத்தான் தாங்கும்!

“இன்னிக்கு மட்டும் மாத்திரையை விட்டுடு மாப்ளே!”

மூட்டுவலிக்காரருக்கு நண்பர்கள் சொல்லும் யோசனைகளில் மிக ஆபத்தானது இதுதான். நம் நண்பரும் இதைத்தான் செய்தார். ‘ரெண்டும் சேரக் கூடாது’ என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமை குடித்தால் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை விட்டுவிடுவார். சில வாரம் விட்டதைச் சரிகட்ட நடுவில் ஒரு நாள் போட்டுக்கொள்வார்.

மெத்தோட்ரெக்சேட் செல்களுக்குள் போய்த் தங்கி, வாரக்கணக்கில் வேலை செய்யும் மருந்து. ஒரு நாள் விட்டால் கல்லீரலுக்கு விடுமுறை கிடைத்துவிடாது. தொடர்ந்து விட்டால், மூட்டுக்குள் அடங்கியிருந்த நோய் மட்டும் தலைதூக்கும். விட்டதற்குச் சேர்த்து இரண்டு மடங்காகப் போட்டுக்கொள்வது அதைவிட மோசம். இந்த மாத்திரையின் அளவு கூடினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

டேபிளை விட்டு எழ வேண்டியதில்லை

இதையெல்லாம் படிக்கும் வீட்டுப் பெண்கள், “அந்தக் கூட்டத்துக்கே போகாதீங்கன்னு சொன்னா கேட்டாத்தானே!” என்பார்கள். நியாயம்தான். ஆனால், அந்த மனிதரின் பக்கமும் ஒன்று இருக்கிறது. ஷட்டில் விளையாடுவது நின்றுவிட்டது. பைக் கிளட்சைப் பிடிக்கக் கை வராது. படி ஏறிப் போக வேண்டிய கல்யாண மண்டபத்தைத் தவிர்க்கிறார். இந்த நோய் ஒவ்வொன்றாகப் பிடுங்கிய பிறகு மிச்சம் இருப்பது அந்தச் சனிக்கிழமை அரட்டைதான். அவர் விட மறுப்பது பெரும்பாலும் கிளாஸை அல்ல, அந்த நண்பர்களை.

அதனால் கிளாஸை மாற்றலாம். கூட்டத்தை மாற்ற வேண்டாம். போனவுடன் முதல் ஆளாக லெமன் சோடா சொல்லிவிட்டால், கை காலியாக இருக்காது, யாரும் ஊற்றவும் மாட்டார்கள். ‘இன்னிக்கு எல்லாரையும் வீட்டுல விடுறது நான்தான்’ என்று கார் சாவியை எடுத்துக்கொண்டால், வற்புறுத்துபவரும் அடங்குவார். நண்பர்களில் ஒருவரிடமாவது நோயைப் பற்றி முழுதாகச் சொல்லி வையுங்கள். மற்றவர்களை அவர் பார்த்துக்கொள்வார்.

இது ஆண்களுக்கு மட்டுமான பேச்சும் அல்ல. முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இரண்டு, மூன்று மடங்கு அதிகம். அலுவலகப் பார்ட்டியில் ஒயின் குடிக்கும் பெண்ணிடம் பல டாக்டர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவரும் சொல்ல மாட்டார். ‘டாக்டர், உங்ககிட்ட ரெண்டு நிமிஷம் தனியா பேசணும்’ என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

குடிப்பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘அளவா குடிச்சா மூட்டுக்கு நல்லதாம்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பி ஆரம்பிக்க வேண்டாம். எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தினமும் அதிகமாகக் குடிப்பவர்களுக்கும் ஒன்று: ஒரே நாளில் தானாக நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம். டாக்டரின் உதவியோடு நிறுத்துவதே பாதுகாப்பு.

டாக்டரிடம் சொல்ல வேண்டிய நான்கு விஷயங்கள்

‘எப்போதாவது’ என்ற சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பதிலாக இந்த நான்கையும் சொல்லுங்கள்.

1. என்ன குடிக்கிறீர்கள்?
2. ஒரு தடவைக்கு எத்தனை மி.லி. அல்லது எத்தனை பாட்டில்?
3. மாதத்தில் எத்தனை நாள்?
4. ரத்தப் பரிசோதனைக்கு முன்பு கடைசியாகக் குடித்தது எப்போது? அந்த வாரம் மாத்திரை போட்டீர்களா?

ரிப்போர்ட் நன்றாக வர வேண்டும் என்று டெஸ்ட்டுக்கு முன்னால் மட்டும் பத்து நாள் நிறுத்துவதும் ஒரு பொய்தான். அது டாக்டருக்குச் சொல்வது அல்ல. தன் கல்லீரலுக்கே சொல்வது.

மூன்றாவது முறை கிளினிக்குக்குப் போனபோது மனைவி ஃபைலை மேஜையில் வைத்தார். “நீங்களே சொல்லுங்க... இல்லைன்னா நான் சொல்றேன்.”

அவர் சொன்னார். குவார்ட்டர், பீர், மூன்று சனிக்கிழமை, விட்டுப்போன ஞாயிறுகள். எல்லாம் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டர் கோபப்படவில்லை. ‘எப்போதாவது’ என்ற சொல்லை அடித்துவிட்டு எண்களை எழுதினார். மதுவை முழுவதும் நிறுத்தச் சொல்லி, ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார். அளவு இறங்கியிருந்தது. மாத்திரை படிப்படியாகப் பழைய அளவுக்குத் திரும்பியது.

சனிக்கிழமை அரட்டைக்கு அவர் இப்போதும் போகிறார். லெமன் சோடாதான். கிளம்பும்போது சட்டைப் பட்டனை அவரே போட்டுக்கொள்கிறார்.