பேருந்துக்கும் மலைக்கும் இடையில் மறைந்த சட்டம்

2015 ஏப்ரல் 7 அன்று காலையில், அன்றைய சித்தூர் மாவட்டத்தின் சந்திரகிரி மண்டலத்தில், சேஷாசலம் காட்டுக்குள் 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தனர். ஓரிடத்தில் 11 உடல்கள், மற்றோரிடத்தில் 9 உடல்கள். கொல்லப்பட்டவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைகள். பலர் மலைவாழ் பழங்குடியினர். சுட்டது, செம்மரக் கடத்தலைத் தடுக்கச் சந்திரபாபு நாயுடு அரசு திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைத்த சிறப்பு அதிரடிப்படை.

நூற்றுக்கும் மேற்பட்டோர் கற்களாலும் கோடரிகளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. உயிர் தப்பியவர்கள் சொன்னது முற்றிலும் வேறு. முதல் நாளே ஆந்திர எல்லைக்குள் பேருந்திலிருந்து தங்களுடன் வந்தவர்களைக் காவல்துறையினர் இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று அந்த ஏப்ரல் மாதத்திலேயே தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் அவர்கள் வாக்குமூலம் அளித்தனர். ஒரு பெண் பயணியின் அருகே உட்கார்ந்திருந்ததால் ஒருவர் தப்பினார். அவரையும் அப்பெண்ணையும் ஒரே குடும்பம் என்று காவலர்கள் எண்ணிவிட்டார்கள். ஓர் இருக்கை மாறி அமர்ந்திருந்தால் அவரும் பிணமாகியிருப்பார்.

பத்தாண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் பேருந்துக்கும் மலைக்கும் இடையில் இருந்த அந்த ஓர் இரவில் அரசியலமைப்புச் சட்டம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு இன்றுவரை ஆட்சியாளர்கள் விடை சொல்லவில்லை.

குற்றவாளியா, நிரபராதியா?

அந்தப் படுகொலையைக் கண்டித்து நாம் நடத்திய கூட்டங்களில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப ஒலித்தது: “அவர்கள் மரம் வெட்டப் போனவர்கள் அல்லர், கட்டட வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் போனவர்கள்.” சிலரைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் நமது வாதத்தை அந்த ஒற்றைத் தூணின் மேல் நிறுத்தினால், எதிராளியின் களத்தில் போய் நிற்கிறோம். “மரம் வெட்டப் போனதாகவே வைத்துக்கொள்வோம், அப்போது சுடலாமா?” என்று அவன் கேட்டால் நாம் வாயடைத்து நிற்க நேரும்.

தோழர்கள் இதில் தடுமாறக் கூடாது. அவர்கள் அனைவரும் கோடரியோடு புறப்பட்டவர்களே என்று வைத்துக்கொண்டாலும், நமது நிலையில் ஓர் எழுத்தும் மாறாது. அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு நிரபராதிகளுக்காக மட்டும் எழுதப்பட்டதன்று. கைது செய்யப்படும் எவருக்கும் அதற்கான காரணத்தை உடனே தெரிவிக்க வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். “எவருக்கும்” என்பதே அதன் உயிர். குற்றம் செய்தாரா என்பதை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம். நீதிமன்றம் வரை ஆளை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதே காவல்துறையின் வேலை.

புத்தூரிலும் திருப்பதியிலும் நீதிமன்றங்கள் இருக்கின்றன. பேருந்திலிருந்து இறக்கப்பட்டவர்கள் அங்கே போய்ச் சேரவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் சேஷாசலம் காடு.

கல்லெறிந்த கதை எதற்காக?

மோதல் சாவு நடக்கும் இடமெல்லாம் ஒரே கதை சொல்லப்படுவது ஏன்? அதற்கும் சட்டத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. கைது செய்யும் முறையை வகுத்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46(3)ஆம் பிரிவு, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சுமத்தப்படாத ஒருவரின் உயிரைப் பறிக்கும் உரிமை காவல்துறைக்கு இல்லை என்றது. இன்று அதன் இடத்துக்கு வந்துள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவிலும் அதே விதி இருக்கிறது. மரம் வெட்டிய குற்றத்துக்குத் தூக்குமில்லை, ஆயுள் தண்டனையுமில்லை. ஆகவே மரம் வெட்டியவனைச் சுட முடியாது; கொலை முயற்சி செய்தவனாக முதலில் அவனை மாற்ற வேண்டும். எனவே இறந்தவர்களையே குற்றவாளிகளாக்கிக் கொலை முயற்சி வழக்கு எழுதப்படுகிறது. செத்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை; வழக்கு முடிந்தது.

இந்தத் தந்திரத்தை ஆந்திர உயர் நீதிமன்றமே முன்பு உடைத்துக் காட்டியது. ஆந்திர மக்கள் உரிமைக் கழகத்தின் வழக்கில் 2009 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, காவல்துறையினரின் துப்பாக்கியால் ஒருவர் இறந்தால் அதைக் கொலை வழக்காகப் பதிய வேண்டும். தற்காப்பு என்பதைச் சுட்டவர்களே விசாரணையில் மெய்ப்பிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் விரைவிலேயே அதற்குத் தடை விதித்தது. எனினும் 2014 செப்டம்பர் 23 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், மோதல் சாவுகளுக்கு அதே உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை கட்டாயம். விசாரணையைக் குற்றப் புலனாய்வுத் துறையோ வேறு காவல் நிலையத்தின் குழுவோ நடத்த வேண்டும். நடுவர் விசாரணை வேண்டும். சம்பவத்தை ஒட்டி உடனடிப் பதவி உயர்வோ வீரப் பரிசோ கூடாது. அந்தத் தீர்ப்பு வந்த ஏழாம் மாதத்தில்தான் சேஷாசலத்தில் 20 பேர் விழுந்தார்கள்.

பின்னர் நடந்தவை நமக்குத் தெரியும். நெருக்கத்திலிருந்து சுட்ட அடையாளங்களையும், உடல்களருகே கிடந்த கட்டைகளின் மேலிருந்த பழைய குறியீடுகளையும் உண்மை அறியும் குழுக்கள் சுட்டிக்காட்டின. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணையையும் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணத்தையும் மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது. ஆந்திர அரசு உயர் நீதிமன்றத்துக்குப் போய் அதைத் தடுத்தது. தமிழ்நாட்டின் அன்றைய முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் கடிதம் எழுதினார். 3 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார். கடிதத்தோடு தமிழ்நாட்டு அரசின் கடமை முடிந்துபோயிற்று.

மொழி தெரியாத கைதி

கொலையில் மட்டுமன்று, கைதிலும் இதே கதைதான். 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் இரண்டு வனத்துறை அலுவலர்கள் கொல்லப்பட்டனர். அவர்களும் உழைத்துப் பிழைத்த அரசு ஊழியர்களே; அந்தக் கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கொன்றவர்களைக் கண்டுபிடிப்பதற்குப் பதிலாகத் தமிழ்த் தொழிலாளர்களை நூற்றுக்கணக்கில் சிறையில் அடைத்தார்கள். பலர் ஈராண்டுக்கும் மேலாகச் சிறையிலேயே கிடந்தனர். 2016இல் திருப்பதி நீதிமன்றம் 280க்கும் மேற்பட்டோரை விடுதலை செய்தது. இத்தனை பேரின் இழந்த ஆண்டுகளுக்கு எந்த அதிகாரி பதில் சொன்னார்?

அவர்களில் பெரும்பாலோருக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. தமிழ் எழுத்தும் அறியாதவர்கள் அவர்களுக்குள் உண்டு. புரியாத மொழியில் எழுதிய தாளில் கைரேகை வாங்கிவிட்டுக் “காரணம் தெரிவிக்கப்பட்டது” என்று குறிப்பெழுதினால் 22ஆவது பிரிவு நிறைவேறிவிடுமா? நிறைவேறாது என்று 1962லேயே, ஆங்கிலம் அறியாதவருக்கு ஆங்கிலத்தில் தடுப்புக் காவல் ஆணை கொடுத்த ஹரிகிசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவின் கைது செல்லாது என்று 2024 மே மாதம் அறிவித்தபோது, காரணங்களை எழுத்தில் தராத கைது சட்டவிரோதம் என்றது. 2025 நவம்பரில் மிகிர் ஷா வழக்கில், எந்தக் குற்றமானாலும் காரணங்களை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. டெல்லி பத்திரிகையாளருக்காக வென்றெடுத்த உரிமை, ஜவ்வாது மலைத் தொழிலாளியின் கையில் தமிழ்த் தாளாக வந்து சேர்ந்தால்தான் அது உரிமை. அதுவரை அது தீர்ப்புத் தொகுப்பில் உறங்கும் எழுத்துதான்.

தேடுதல் என்னும் பெயரில்

காட்டுப் பொருளைத் தேடி ஊருக்குள் நுழையும் அரசு என்ன செய்யும் என்பதைத் தமிழகத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தி கிராமத்தைச் சூறையாடினர். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினர். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டனர். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மலைவாழ் மக்களும் செங்கொடி இயக்கமும் விடாது போராடியதால் கிடைத்த நீதி அது. தானாக வந்ததன்று.

சோதனையிடக் காரணத்தை முன்கூட்டி எழுதிவைக்க வேண்டும், அப்பகுதியைச் சேர்ந்த இருவர் சாட்சியாக இருக்க வேண்டும், கைப்பற்றியவற்றுக்குப் பட்டியல் தர வேண்டும் என்பவை பழைய விதிகள். சோதனையை ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்பது புதிய விதி. ஆனால் விதியை மீறிக் கைப்பற்றிய பொருளும் சாட்சியமாகச் செல்லும் என்று 1973இல் பூரண்மல் வழக்கில் சொல்லப்பட்டது இன்றும் காவல்துறைக்குக் கேடயம். அமெரிக்காவில் 1961 முதல் அத்தகைய சாட்சியத்தை மாநில நீதிமன்றங்களும் ஒதுக்க வேண்டும். அங்கும் கறுப்பின மக்கள் தெருவில் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள் என்பது உண்மை. தாளில் இருக்கும் உரிமையைத் தெருவில் காப்பது அமைப்பாகத் திரண்ட மக்களின் வலிமையே.

இது நம் வழக்கு

“முதலாளித்துவ அரசின் சட்டத்துக்கு நாம் ஏன் காவல் நிற்க வேண்டும்?” என்று சில இளம் தோழர்கள் கேட்பதுண்டு. வரலாறு விடை சொல்லும். 1950இல் சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் அனைவரும் அரசின் காவலில் இருந்தவர்கள். அதே ஆண்டு, தடுப்புக் காவலை எதிர்த்து, புதிய அரசியலமைப்பின் 21, 22ஆவது பிரிவுகளை முதன்முதலில் உரைத்துப் பார்த்த பெரும் வழக்கு ஏ.கே.கோபாலனுடையது. அவர் அவ்வழக்கில் முழு வெற்றி பெறவில்லை; ஆயினும் அந்தக் கதவை முதலில் தட்டியவர் கம்யூனிஸ்ட். இந்த உரிமைகள் ஆளும் வர்க்கம் தந்த பிச்சையல்ல. நம் முன்னோர் இரத்தம் கொடுத்து அகலப்படுத்திய பாதை.

இன்று அந்தப் பாதை குறுகிக்கொண்டே வருகிறது. புதிய நடைமுறைச் சட்டம், 15 நாள் போலீஸ் காவலை முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் துண்டு துண்டாகக் கேட்க வழி திறந்திருக்கிறது. கைவிலங்கு மனிதத் தன்மைக்கு எதிரானது என்று 1980இல் பிரேம்சங்கர் சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மறந்து, அதற்குச் சட்ட அங்கீகாரம் அளித்திருக்கிறது. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து தமிழ்த் தொழிலாளர்களின் உடல்கள் மிதந்தன. கடத்தலின் முதலாளிகளோ கப்பலில் சரக்கேற்றிக் கணக்கு முடிக்கிறார்கள். அவர்களின் வீட்டுக் கதவை எந்த அதிரடிப்படையும் இரவில் தட்டியதில்லை.

மலையில் நிலமும் வேலையும் இருந்தால் எவன் இரவில் கோடரி தூக்குவான்? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி தர வேண்டிய பட்டாவைப் பல்லாண்டுகள் தராமல் இழுத்தடித்த தமிழ்நாட்டு அரசுகளுக்கும் சேஷாசலத்து இரத்தத்தில் பங்கு உண்டு.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. சேஷாசலம் படுகொலையைச் சுதந்திரமான அமைப்பு விசாரித்து, சுட்டவர்களையும் ஆணையிட்டவர்களையும் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். ஆந்திரத்தில் கைதாகும் தமிழ்த் தொழிலாளிக்குக் காரணங்களைத் தமிழில் எழுதித் தந்து, படிக்கத் தெரியாதவருக்குப் படித்தும் காட்ட வேண்டும். சித்தூர், திருப்பதி, கடப்பா நீதிமன்றங்களில் அவர்களுக்காக வாதாடத் தமிழ்நாட்டு அரசின் செலவில் நிரந்தரச் சட்ட உதவி வேண்டும். மலைக் கிராமங்களில் வன உரிமைப் பட்டாவும் ஆண்டு முழுவதும் வேலையும் வேண்டும்.

நம் கிளைகளுக்கும் கடமை உண்டு. ஜவ்வாது மலையிலும் கல்வராயனிலும் சித்தேரியிலும் வேலைக்குப் போகும் ஒவ்வொரு தொழிலாளியும் அறிய வேண்டியது நான்கே வாக்கியம்: ஏன் கைது செய்கிறாய், எழுத்தில் கொடு. என் வீட்டாருக்குச் சொல். என் வழக்கறிஞரைக் கூப்பிடு. 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்து. இந்த நான்கையும் தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்டு வீடுதோறும் கொண்டுசேர்ப்போம். ஆந்திரத் தோழர்களுடன் சேர்ந்து எல்லையின் இருபுறமும் உதவிக் குழுக்களை அமைப்போம். பேருந்திலிருந்து ஒருவர் இறக்கப்பட்டால், அன்றிரவே சித்தூர் காவல் நிலைய வாசலில் செங்கொடியோடு கேள்வி கேட்க ஆட்கள் நிற்க வேண்டும். இன்னொரு விடியலில் இன்னொரு காட்டில் பிணங்களை எண்ணும் நிலை வராமல் தடுக்க வேறு குறுக்குவழி இல்லை.