உடல் ஓய்ந்தும் உள்ளம் ஓயாதபோது

உழைத்தவர்க்கு உறக்கம் எளிது என்பர். எல்லார்க்கும் எந்நாளும் அஃது உண்மையாவதில்லை. பகலெல்லாம் கொழுந்து பறித்துக் கை ஓய்ந்த தாய், இரவில் லயத்தின் கூரையைப் பார்த்தபடி விழித்துக் கிடக்கிறாள். ஏலத்தோட்டத்திலிருந்து திரும்பிய தந்தை, சிறு சொல்லுக்கும் சீறி விழுகிறார். உடல் ஓய்வு கேட்கிறது. உள்ளமோ காவல் நிற்கிறது. இந்நிலையைத் தணிக்க, காசு செலவின்றி யாவரும் செய்யத்தக்க சில பயிற்சிகளை இத்திங்கள் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

போடியிலிருந்தும் தேனியிலிருந்தும் மலையேறிச் சின்னக்கானல், சூரியநெல்லி, பூப்பாறைப் பக்கங்களில் குடியமர்ந்த நம் குடும்பங்களுக்குக் கவலைகள் பல. பிழைப்பு ஒரு மாநிலத்தில். வயது முதிர்ந்த பெற்றோர் மற்றொரு மாநிலத்தில். பிள்ளையைத் தமிழில் படிக்க வைப்பதா, மலையாளத்தில் படிக்க வைப்பதா என்னும் கேள்வி ஒருபுறம். வேலை நின்றால் லயத்து வீடும் போய்விடுமே என்னும் அச்சம் மறுபுறம்.

இவற்றோடு யானை அச்சமும் சேர்ந்துகொள்கிறது. அரிசியைத் தேடி ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்ததனால் 'அரிக்கொம்பன்' என்று பெயர் பெற்ற யானையை, 2023 ஏப்ரல் 29ஆம் நாள் சின்னக்கானலில் மயக்க ஊசி செலுத்திப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்திற்குக் கொண்டு சென்றனர். பின்னர் அது கம்பம் நகருக்குள் புகுந்ததும், ஜூன் மாதத்தில் மீண்டும் பிடிபட்டுக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விடப்பட்டதும் நேயர்கள் அறிந்தவையே. அந்த யானை போயிற்று. ஆனயிறங்கல் பக்கத்தில் உலவும் மற்ற யானைகள் போகவில்லை. நாய் குரைத்தால் நெஞ்சு திடுக்கிடும் வழக்கமும் போகவில்லை.

நெஞ்சு ஏன் திடுக்கிடுகிறது? அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். அச்சமோ சினமோ எழுந்தவுடன், சிறுநீரகங்களின்மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் ஒருவகைச் சாற்றைக் குருதியில் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் தடைப்படுகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிறது. யானை எதிரே நின்றால் இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். ஆனால், கடன் கொடுத்தவர் வாசலில் நின்றாலும் உடல் இதனையே செய்கிறது. அப்போது ஓடவும் வழியில்லை, எதிர்க்கவும் வழியில்லை. எழுந்த இறுக்கம் உடலிலேயே தங்கிவிடுகிறது.

நெஞ்சத் துடிப்பை நாம் ஆணையிட்டுக் குறைக்க இயலாது. மூச்சு அத்தகையதன்று. அது தானாகவும் நடக்கும். நம் சொல்லும் கேட்கும். மூச்சை வெளியே விடும்போது நெஞ்சத் துடிப்புச் சற்றுத் தணிவது உடலின் இயற்கை. ஆகவே, மூச்சே நமக்குக் கிடைத்த வாயில்.

முதற் பயிற்சி இது. முதுகை நிமிர்த்தி அமர்ந்து, ஒரு கையை வயிற்றின்மேல் வையுங்கள். மனத்துள் நான்கு எண்ணும்வரை மூக்கின் வழியே மூச்சை உள்ளிழுங்கள். வயிறு எழுந்து கையைத் தள்ளவேண்டும். பிறகு ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடுங்கள். இடையில் மூச்சை அடக்க வேண்டா. ஓர் எண்ணுக்கு ஒரு நொடி என்று கொண்டால், நிமிடத்திற்கு ஆறு மூச்சு ஆகும். ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில்கூட இதனைச் செய்துவிடலாம்.

இரண்டாம் பயிற்சி, சிகாகோ நகரத்து மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக வெளியிட்ட முறையை ஒட்டியது. தசை இறுகியிருப்பதை நாம் உணர்வதில்லை. வேண்டுமென்றே இறுக்கிப் பின் தளர்த்தினால் வேறுபாடு விளங்கும். படுத்துக்கொண்டு முதலில் பாதங்களை ஐந்து நொடி இறுக்குங்கள். பிறகு முற்றும் தளரவிட்டுப் பதினைந்து நொடி சும்மா இருங்கள். இவ்வாறே தொடை, வயிறு, கைகள், தோள், முகம் என மேலே வாருங்கள். சாக்குச் சுமந்த தோளுக்கு மட்டும் இருமுறை செய்யலாம். அடிபட்ட இடத்தையும் வலியுள்ள இடத்தையும் இறுக்க வேண்டா.

மூன்றாவது, உள்ளத்திற்குரியது. கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, 1984இல் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் அறிவுத்திருக்கோயிலை நிறுவினார். எளிய உடற்பயிற்சியோடு, சினம் தவிர்த்தலையும் கவலை ஒழித்தலையும் முறையான பயிற்சிகளாகவே அவர் கற்பித்தார். கவலையையும் பயின்று தீர்க்கலாம் என்னும் அக்கருத்து நமக்குப் பெரிதும் பயன்படும். இரவில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கவலைகளை எழுதுங்கள். நாளைக்கே கை வைக்கக்கூடியவற்றை ஒருபுறமும், பொறுத்திருக்க வேண்டியவற்றை மறுபுறமும் பிரியுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்க்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். தலைக்குள் சுழலும்போது பத்தாகத் தோன்றியவை தாளில் நான்காகவே நிற்பதுண்டு.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். மூச்சுப் பயிற்சி காரணத்தை நீக்காது. புகைவண்டி நிலையத்தில் பணிபுரியும் நாம் நாள்தோறும் காணும் காட்சி உண்டு. வண்டி புறப்பட அரைமணி நேரம் இருக்கும். சீட்டு வாங்க வருபவர் மூச்சிரைக்க நிற்பார். நேரத்தைத் தெளிவாகச் சொன்னவுடன் தோள் தாழ்ந்து பெஞ்சில் அமர்வார். அவரைத் தணிவித்தது பயிற்சியன்று, செய்தி. வால்பாறைத் தோட்டங்களில், யானை நிற்கும் இடத்தைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாட்டை இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் செய்தது. அதில் முன்னின்ற ஆனந்த குமார் 2015இல் விட்லி விருது பெற்றார். எவ்வழியில் யானை நிற்கிறது என்று அறிந்தவர் மற்ற வழியில் அச்சமின்றி வீடு திரும்புவார்.

அதே 2015 செப்டம்பரில், மூணாற்றுத் தோட்டத் தாய்மார்கள் 'பெம்பிளை ஒருமை' என்று ஒன்றுகூடி, 20 விழுக்காடு போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். கண்ணை மூடி மூச்சை எண்ணியிருந்தால் மட்டும் அக்கோரிக்கை எவர் செவியிலும் விழுந்திராது. காரணத்தைக் களைவது ஒரு வேலை. உடலில் தங்கிய இறுக்கத்தைக் களைவது மற்றொரு வேலை. ஒன்றுக்கு மற்றொன்று ஈடன்று. ஆயினும், இரவில் உறங்கியவரே காலையில் உறுதியோடு பேசுவார்.

சிலர் இறுக்கத்தைத் தளர்த்த மதுவை நாடுகின்றனர். மது உறக்கத்தைத் தருவதுபோல் தந்து நள்ளிரவில் பறித்துக்கொள்ளும். கூலியையும் உடன்கொண்டு போகும். அதனைப் பயிற்சி என்று எண்ண வேண்டா.

நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் பயிற்சியில் நேரம் போக்காமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். இரண்டு கிழமைகளுக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி இருந்தால் மருத்துவரைக் காணுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டா. 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய இந்த மனநலச் சேவை தமிழிலும் கிடைக்கிறது. காய்ச்சலுக்கு மருந்து கேட்க நாணாத நாம், இதற்கும் நாண வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டா. இன்றிரவு விளக்கை அணைக்குமுன், ஐந்து நிமிடம் மூச்சை எண்ணுங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்; பெரியவர் முகம் தளர்வதைக் கண்டாலே குழந்தையின் அச்சம் பாதி தணியும்.