பாயை மறந்த ‘பாய்’மார்கள்

தமிழகத்தில் நம்மைப் ‘பாய்’ என்று அழைக்கிறார்கள். உருதுவில் அச்சொல்லுக்குச் சகோதரன் என்பது பொருள். தமிழிலோ, தரையில் விரிப்பதும் பாய்தான். இது தற்செயலான ஒற்றுமையே. எனினும் பத்தமடைக்குச் சென்று வந்தவருக்கு அப்படித் தோன்றாது. அங்கே பாய் நெய்பவர்கள் பெரும்பாலும் ‘பாய்’ வீட்டுப் பெண்களே!

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் வழியில், சேரன்மாதேவிக்கு அருகே இருக்கிறது பத்தமடை. பொதிகையில் பிறந்து, தமிழ் மண்ணிலேயே ஓடி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, நெல்லை மட்டுமா தந்தது? ஈரக் கரைகளில் கோரையையும் தந்தது. அந்தக் கோரையை அறுத்து, கீறி, வெயிலில் உலர்த்தி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவிட்டு, மறுபடியும் உலர்த்தி, நூலிழை போல் மெலிதாக்கி, பருத்திப் பாவில் ஊடையாகக் கோத்து நெய்தார்கள் லெப்பைமார் வீட்டுப் பெண்கள். துணிபோல் மடித்து வைக்கக்கூடிய ‘பட்டுப்பாய்’ இப்படித்தான் பிறந்தது. மணமக்களின் பெயரையும் மணநாளையும் பாயிலேயே நெய்து தரும் கலை வேறெங்கே உண்டு? 2012-13ஆம் ஆண்டில் இந்திய அரசு இதற்குப் புவிசார் குறியீடு வழங்கிச் சிறப்பித்தது.

அரசு சிறப்பித்தது. நாம் என்ன செய்தோம்?

சென்ற ஆண்டு ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு நிக்காஹ்வுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வளைகுடாவில் நல்ல வேலையில் இருப்பவர். பந்தலில் விரித்திருந்தவை அனைத்தும் பிளாஸ்டிக் பாய்கள்; கோரைப்பாயின் கோடுகளையும் கரையையும் அப்படியே போலி செய்தவை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் புட்டியில் தண்ணீர். பாதி குடித்த புட்டிகள் விருந்து முடிந்ததும் மண்டபத்தின் பின்னாலிருந்த வாய்க்காலுக்குப் போயின. அந்த வாய்க்கால் தாமிரபரணிக்குப் போகிறது. அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் மறுநாள் அதே ஊர் குடிக்கிறது!

வீட்டுப் பெரியவரிடம் பாயைப் பற்றிக் கேட்டேன். “தம்பி, இது கழுவலாம், கிழியாது, விலையும் மலிவு. கோரைப்பாயை இந்தக் காலத்தில் யார் வாங்குகிறார்கள்?” என்றார். நம்மவர் பலருடைய பதிலும் இதுதான். ஆகவே அதையே எடுத்துக் கொள்வோம்.

கிழியாது என்பது உண்மையா? சில கோடை வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் பாய் நொறுங்கி இழை இழையாக உதிர்கிறது. உதிர்ந்த இழை மட்டும் மக்குவதில்லை. அதன் பயன் அழிகிறது, பொருள் அழிவதில்லை. எரித்தாலோ நச்சுப்புகை. கோரைப்பாய் கிழிந்தால் மண்ணோடு மண்ணாகிறது. இவ்விரண்டில் எது நீடித்த பொருள், எது நீடித்த தொல்லை என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

மலிவு என்பது அடுத்த வாதம். ஒரு பொருள் மலிவாகக் கிடைக்கிறதென்றால் அதன் மீதி விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று பொருள். பிளாஸ்டிக் பாயின் மீதி விலையை ஆறும், அதன் மீன்களும், நம் பேரப்பிள்ளைகளும் கொடுக்கிறார்கள். பத்தமடைத் தறியில் குனிந்திருக்கும் சகோதரியும் கொடுக்கிறாள். நாட்கணக்கில் நெய்த பாய்க்கு உரிய கூலி கிடைக்காதபோது அவள் என்ன செய்வாள்? நெல்லை மாவட்டத்தில் ஏழைப் பெண்ணுக்கு எப்போதும் திறந்திருக்கும் கதவு பீடித் தொழில் ஒன்றுதானே! தறி பிடித்த கை பீடித்தட்டைப் பிடிக்கிறது. புகையிலைத் தூசி நெஞ்சில் இறங்குகிறது. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடப் பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். கூலியே இல்லாமற் போகும்படி வாங்கும் நம் சிக்கனத்துக்கு என்ன பெயர் வைப்பது?

பத்தமடைப் பாயில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. பழைய தாவரச் சாயங்களின் இடத்தை இரசாயனச் சாயங்கள் பிடித்தன. நல்ல பாய்க்கு விலையும் கூடுதல்தான். அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்தைப் பட்டுப்பாய் வாங்கச் சொல்வது கொடுமை. என் வழக்கு அவர்கள்மேல் அன்று. மணவிழாவின் அலங்கார விளக்குக்கும் நிழற்படத்துக்கும் இலட்சங்களை இறைத்துவிட்டு, பாய்க்கடையில் மட்டும் சிக்கனம் பேசுகிறவர்கள்மேல்தான்.

“நான் ஒருவன் மாறினால் ஆறு சுத்தமாகிவிடுமா?” என்று கேட்பார்கள். ஒருவரால் ஆகாது, ஜமாஅத்தால் ஆகும். 2019 சனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை மட்டுமே பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழக அரசு தடை செய்தது. பைகளும் குவளைகளும் இன்னும் ஒழிந்தபாடில்லை. சட்டத்தால் முடியாததை ஊர்க் கட்டுப்பாட்டால் செய்யலாம். நிக்காஹ்வைப் பதிவு செய்யும்போதே, “விருந்தில் பிளாஸ்டிக் புட்டியும் தட்டும் கூடாது” என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நாலைந்து பேர் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ட நமக்கு எச்சில் தட்டு மலைகள் எதற்கு? பானையில் நீரும் பக்கத்தில் குவளைகளும் வைத்தால் யாருடைய கௌரவம் குறைந்துவிடும்?

பள்ளிவாசலுக்கு விரிப்பு நன்கொடை தருவோர் கோரைப்பாய் தரட்டும். கோடையில் அதன் குளிர்ச்சி ஸுஜூதில் நெற்றிக்குத் தெரியும். பெண்ணின் சீரில் பெயர் நெய்த பாய் ஒன்று இருக்கட்டும். அதையும் நெய்தவரிடமோ அவர்களுடைய சங்கத்திடமோ பேரம் பேசாமல் வாங்கட்டும். சந்தைக்குப் போகும் கையில் ஒரு துணிப்பை இருக்கட்டும். ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்பது நமக்குப் போதிக்கப்பட்ட நெறி. ஆற்றங்கரையில் ஒரு கை நீருக்கே கணக்கு உண்டென்றால், அந்த ஆற்றில் நாம் எறியும் புட்டிக்குக் கணக்கு இராதா?

நம் பக்கத்துப் பல ஊர்களில் ஜனாஸாவை அடக்கும்போது பலகைகளின்மேல் ஒரு பாயை விரித்து, அதன் பிறகே மண்ணைத் தள்ளுவார்கள். மையித்தும் பாயும் சேர்ந்தே மண்ணாகும். அந்தப் பாயும் பிளாஸ்டிக்காகிவிட்டால், நாம் மக்கிய பின்னும் அது மக்காமல் கிடக்கும். இந்த ஊரில் இப்படியொருவர் வாழ்ந்தார் என்பதற்கு அதுவா நாம் விட்டுச்செல்லும் சாட்சி?