பனி பெய்யாத மலையும் பால் வடியாத மாதமும்



பிப்ரவரி, மார்ச் மாதம் வந்தால் பால்மரக் காட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இலை பழுத்துக் கொட்டும். மரம் மொட்டையாய் நிற்கும். மங்கில் பால் குறையும். மாதக் கடைசியில் சம்பளமும் குறையும். கடைக்கணக்கு மட்டும் குறையாது! இன்று ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை பக்கமெல்லாம் செம்பனை ஆகிவிட்டது. நம்மில் பலர் பட்டணத்துக்கும் வந்துவிட்டோம். ஆனாலும் அந்த இலையுதிர் மாதங்களை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அவர்களைப் போலவே வானத்தைப் பார்த்து வயிறு வளர்க்கும் மக்கள் இன்னொரு நாட்டில் இருக்கிறார்கள். நாம் மழை பெய்யக் கூடாதே என்று வேண்டினோம். அவர்கள் பனி பெய்ய வேண்டுமே என்று வேண்டுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தியாவின் வடகோடியில், காஷ்மீரத்தில், குல்மார்க் என்று ஒரு மலையூர். 2,650 மீட்டர் உயரம். கெந்திங் மலைக்குப் போயிருப்பீர்கள் அல்லவா? அதைவிட மிக உயரம். அங்கும் கேபிள் கார் உண்டு. அதில் ஏறினால் ஏறக்குறைய நம் கினபாலு மலையின் உயரத்துக்கே கொண்டுபோய் விடும். அங்கிருந்து இரண்டு நீண்ட பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு பனியில் வழுக்கிக் கீழே வருவதுதான் பனிச்சறுக்கு. பனி என்றால் நம் காலைப்பனி அல்ல. பஞ்சுபோல் விழுந்து ஆள் உயரத்துக்குக் குவியும் வெண்பனி.

வழுக்குகிறவர் வசதி உள்ளவர். அவரை நம்பி வாழ்கிறவர் யார்? மரச் சறுக்குவண்டி இழுக்கிறவர், மட்டக்குதிரை வைத்திருப்பவர், வழிகாட்டி, பலகையும் சப்பாத்தும் வாடகைக்கு விடுகிறவர். இவர்களுக்குப் பனிதான் பால்மரம்.

அவ்வூர்க் குளிருக்கு ஒரு கணக்கு உண்டு. டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிர். அதற்கு 'சில்லே கலான்' என்று பெயர். அடுத்து 20 நாள் நடுக்குளிர், பிறகு 10 நாள் இளங்குளிர். முதல் 40 நாளில் விழும் பனிதான் இறுகி நிற்கும். வெயில் ஏறிய பின் விழுவது சீக்கிரம் கரைந்துவிடும்.

2024 ஜனவரியில் அந்தக் கணக்கு தப்பியது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரம் சுமந்து வரும் மேற்குக் காற்று வலுவிழந்து போனது. மாதத்தின் பெரும்பகுதி குல்மார்க் புல்வெளி காய்ந்து பழுப்பாய்க் கிடந்தது. பனியைப் பார்க்க வந்தவர்கள் மண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மாதக் கடைசியில்தான் வானம் இரங்கியது. பிப்ரவரியில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. 21-ஆம் தேதி தேசிய அளவிலான குளிர்காலப் போட்டியும் தொடங்கியது. மறுநாளே மேல்மலையில் பனி சரிந்து, சறுக்க வந்த ரஷ்ய நாட்டவர் ஒருவர் உயிரிழந்தார். வராவிட்டாலும் துன்பம், வந்தாலும் ஆபத்து!

2025-இல் மீண்டும் அதே கதை. பிப்ரவரி 22-இல் தொடங்க வேண்டிய போட்டி, பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டு, மார்ச் 9 முதல் 12 வரை நடந்தது. அடுத்த மாதமே பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காஷ்மீரத்துக்கு வந்திருந்த பயணிகள் கூட்டம் கூட்டமாய் ஊர் திரும்பினார்கள். பனி பொய்த்ததற்குக் கோடையில் ஈடு செய்யலாம் என்று காத்திருந்த குதிரைக்காரர்களின் நெஞ்சை நினைத்துப் பாருங்கள்.

இது விளையாட்டோடு போகிற சங்கதியும் அல்ல. மலையில் இறுகிய பனிதான் வேனிலில் உருகி ஓடையாகி, வயலுக்கும் ஆப்பிள் தோட்டத்துக்கும் பாய்கிறது. பெர்னாம் ஆறு வற்றினால் தஞ்சோங் காராங் நெல்வயல் என்னவாகும்? அதைப் போலத்தான்.

இத்தனைக்கும் நடுவில், அந்தப் பக்கத்து இளைஞர் ஆரிப் கான் 2022-இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் சறுக்கினார். இந்தியாவிலிருந்து அங்கே போனவர் அவர் ஒருவர்தான். பனியே இல்லாத நம் மலேசியாவும் 2018-இல் முதன்முறையாகக் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இருவரை அனுப்பியது. பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

நான் கேட்க வந்தது இதுதான்: காலம் பொய்த்தால் நட்டம் யாருக்கு? கேபிள் கார் நின்றாலும் அதன் கம்பி அறுந்துவிடாது. வண்டி இழுப்பவர் வீட்டில்தான் அடுப்பு அணையும். நம் தோட்டத்திலும் அப்படித்தானே இருந்தது? மழைக்கும் இலையுதிர்வுக்கும் உரிய நட்டத்தை வெட்டுக்காரர் தலையிலேயே கட்டினார்கள். மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் சங்கம் நெடுங்காலம் குரல் கொடுத்தது. 2013 ஜனவரியில்தான் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட் என்று சட்டப்படி நடப்புக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. போதுமா என்பது வேறு பேச்சு. ஆனால், வானம் செய்த பிழைக்குத் தொழிலாளி மட்டும் தண்டம் கட்டக் கூடாது என்ற நியாயம் ஏட்டில் ஏறிவிட்டது. சறுக்குவண்டி இழுப்பவருக்கோ அன்றைக்கு வருகிற ஆள்தான் கூலி.

எனவே, நல்ல மாதத்தில் நாலு காசு எடுத்து வையுங்கள் என்று நான் சொல்வதோடு நிறுத்தமாட்டேன். சம்பளச் சீட்டை வாசிக்கப் பழகுங்கள். பிள்ளைகளையும் வாசிக்கச் சொல்லுங்கள். சேமிப்பு ஒரு கை, உரிமை ஒரு கை.

வரும் டிசம்பர் 21-ஆம் தேதி நாள்காட்டியைக் கிழிக்கும்போது, வெண்மேகத்தை எதிர்பார்த்து நிற்கும் அந்த மலைமக்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மலையில் பனி விழட்டும். நம் வீட்டு உலையில் அரிசி விழட்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.