தாயை மறந்த குட்டி

நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள்மீது எனக்கு ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதைச் சொல்லுவதற்கு முன்னால், குற்றவாளிகளின் வரிசையில் முதலில் நிற்கிறவன் நானே என்பதை ஒப்புக்கொண்டு விடுகிறேன். அப்போதுதான் மற்றவர்களைக் கேள்வி கேட்க எனக்கு யோக்கியதை வரும்.

சில வருஷங்களுக்கு முன்பு, மார்கழிக் கடைசியில், பரமக்குடியிலிருந்து ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொண்டு ராஜபாளையம் பக்கம் புறப்பட்டேன். பொங்கலுக்குப் பேத்தி வருகிறாள். அவள் வந்து இறங்குகிறபோது வாசலில் வெள்ளைவெளேரென்று ஒரு ராஜபாளையம் குட்டி நிற்க வேண்டும். இதுதான் என் திட்டம். குட்டியின் வயசைப் பற்றியோ, அதைப் பெற்ற தாயைப் பற்றியோ அந்தத் திட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. காலண்டரில் பொங்கல் தேதி மட்டும் இருந்தது.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். பார்த்திபனூரைத் தாண்டி நரிக்குடிச் சாலையில் போகிறபோது இருபுறமும் சீமைக் கருவேலம் பனியில் நனைந்து நின்றது. டிரைவர் தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். திருச்சுழியில் டீ குடிக்க இறங்கினோம். 1879-ல் ரமண மகரிஷி பிறந்த ஊர் அது. திருவண்ணாமலை ஆசிரமத்து நாய்களை அவர் 'பையன்கள்' என்றுதான் குறிப்பிடுவார் என்று நான் படித்ததை டிரைவரிடம் வெகு பெருமையாகச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, ஒரு பையனை விலைக்கு வாங்கக் காரில் ஏறி உட்கார்ந்தேன்.

அருப்புக்கோட்டை, விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போய்ச் சேர்ந்தது ஒரு கிராமம். பேரைச் சொல்லப் போவதில்லை. விற்றவர் பேரையும் சொல்லப் போவதில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஆறு குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாய்ச் சுருண்டு கிடந்தன.

"எத்தனை நாள் குட்டி?" என்று கேட்டேன்.

"முப்பது நாளாச்சு அண்ணாச்சி. தாயை மறந்துட்டுது. பால்சோறு வச்சாத் தானாத் தின்னும்."

அவர் சொல்லிக்கொண்டிருக்கிறபோதே கொட்டகைக்குப் பின்னால் ஒரு நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு முனகியது. குட்டி தாயை மறந்ததோ இல்லையோ, தாய் குட்டியை மறக்கவில்லை. அந்த முனகல் என் காதில் நன்றாக விழுந்தது. விழுந்த பிறகும் நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு அந்த ஒரு நிமிஷந்தான் காரணம்.

திரும்பி வருகிறபோது குட்டியைப் பிரம்புக் கூடையில் பழைய வேஷ்டியைப் போட்டுப் படுக்க வைத்தேன். இரண்டு தரம் வாந்தி எடுத்தது. வழியில் நிறுத்திச் சர்க்கரை போட்ட பசும்பால் வாங்கிப் புகட்டினேன். அது வயிற்றைக் கெடுக்கும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நம்முடைய ராமநாதபுரம் சீமையின் குளிர் ஒன்றும் இமயமலைக் குளிர் அல்ல. ஆனால் அந்த வயசுக் குட்டி கதகதப்பைத் தேடுவது தாயின் வயிற்றோடும், உடன்பிறந்தவற்றின் முதுகோடும் ஒட்டிப் படுத்துத்தான். இரண்டையும் விட்டுவிட்டு ஒரு வேஷ்டியை நம்பிப் பனிக்காற்றில் அதை நான் கொண்டு வந்தேன்.

போகியன்று பேத்தி வந்தாள். குட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "இதோட அம்மா எங்கே தாத்தா?"

"ஊர்லே இருக்கும்மா."

"இது இங்கே இருக்குன்னு அதுக்குத் தெரியுமா?"

நாற்பது வருஷமாகக் கதை எழுதுகிறவன் நான். ஒரு பொய்கூடச் சட்டென்று வரவில்லை.

மாட்டுப் பொங்கலன்று குட்டி ரத்தமாகக் கழிந்தது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டுப் பார்வோ என்றார். தாயின் முதல் பாலில் கிடைக்கிற பாதுகாப்பு வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வரும். தடுப்பூசி ஆறு வாரத்துக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது, அதுவும் ஒரு தடவை போட்டால் போதாது. இந்தக் குட்டிக்கு ஓர் ஊசிகூடப் போடவில்லையே என்றார். ஊரெல்லாம் மாட்டுக்கு மாலை போட்டுப் பொங்கலிட்டுக்கொண்டிருந்த சமயத்தில் நாங்கள் அதற்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தோம். காணும் பொங்கலன்று காலையில் அது போய்விட்டது.

வீட்டுப் பெரியவர்கள், "அதன் விதி அவ்வளவுதான்" என்றார்கள். இந்த வார்த்தையைத்தான் நான் மறுக்கிறேன். விதி என்ன செய்யும், பாவம்? தேதி குறித்தவன் நான். இன்னும் நாலு வாரம் பொறுத்துப் போயிருந்தால், ஊசி போட்டு, எலும்பு தேறிய குட்டியாக அது வந்திருக்கும். பொங்கல் தவறிப் போயிருக்கும். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். பேஷாக இருக்கிறது. நம் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் தனி அங்கத்தினராக மசோதா கொண்டுவந்து வாதாடியதன் பலனாகத்தான் 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அந்த அம்மையாரே. அந்தச் சட்டத்தின் கீழ் 2017-ல் விதிகள் வந்தன: எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது; குட்டி போடவைத்து விற்கிறவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். எல்லாம் சரி. ஆனால் சட்டம் விற்கிறவனைப் பார்த்து விரலை நீட்டுகிறது. வாங்குகிறவனின் அவசரத்துக்கு அதில் எந்தப் பிரிவும் இல்லை. முப்பது நாள் குட்டி விலை போகிறதென்றால், அதைக் கேட்டு வருகிற என் போன்ற பெரிய மனுஷர்கள் இருப்பதனால்தான் போகிறது.

இந்த அவசரத்துக்கு மேல் 'சுத்த ரத்தம்' என்று ஒரு பித்து. 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமரே வானொலியில் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று பேர் சொல்லிப் புகழ்ந்தார். நம் நாட்டு நாய்களுக்கு மதிப்பு வருவதில் எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் கேட்கிறவர்கள் எல்லோரும் மாசு மருவற்ற வெள்ளையே வேண்டும், மூக்கு ரோஜா நிறமாகவே வேண்டும் என்கிறார்கள். நாய்களில் அந்த முழு வெள்ளையோடு பிறவிச் செவிடும் கூட வருவதுண்டு. உட்செவியில் இருக்க வேண்டிய நிறமி அணுக்கள் இல்லாமல் போவதே காரணம். நம்முடைய கண்ணுக்கு அழகாயிருக்க, அது காதைக் கொடுக்க வேண்டும்! ரத்தச் சுத்தம் பேசினால் என்ன நடக்கும் என்பதை, 1957-ஐ மறக்காத இந்தச் சீமைக்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மனுஷனிடம் எது தவறென்று கண்டோமோ, அதை நாயிடம் பெருமை என்று கொண்டாடுகிறோம். பனிமலையில் ஏறிய தருமபுத்திரன், கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் வரமாட்டேன் என்றான். அது கோம்பையா சிப்பிப்பாறையா என்று வியாசர் எழுதி வைக்கவில்லை.

"சின்னதாக எடுத்தால்தான் நம்மோடு ஒட்டும்" என்று ஒரு நண்பர் வாதாடுகிறார். தவறு. எவ்வளவு பலமாகக் கடித்தால் வலிக்கும், எப்போது விட வேண்டும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் விளையாடித்தான். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து முன்னதாகவே நிறுத்திவிட்டுப் பிறகு, "நாய் கடிக்கிறது" என்று புகார் சொல்லுவதில் அர்த்தமில்லை. "விற்கிறவன் ஏழை, எட்டு வாரம் தீனி போடக் கட்டுப்படியாகாது" என்கிறார் இன்னொருவர். இது நியாயமான வாதம். அதற்குப் பரிகாரம் நம் சட்டைப்பையில் இருக்கிறது. முன்பணம் கொடுங்கள், மிச்சமுள்ள நாலு வாரத்துத் தீனிச் செலவையும் ஊசிச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். காருக்கு நான் கொடுத்த வாடகையில் அது அடங்கியிருக்கும்.

ஆகையால், இந்த மார்கழியில் கூடையும் கையுமாகப் புறப்படுகிற அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குட்டியைப் பார்ப்பதற்கு முன், "தாயைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டாவிட்டால் திரும்பி வாருங்கள். காட்டினால் குட்டியின் வயசைக் கேளுங்கள். எட்டு வாரம் ஆகவில்லையென்றால் அப்போதும் வெறுங்கையோடு திரும்பி வாருங்கள். அவ்வளவு தூரம் போய்ச் சும்மா வருவதா என்று நினைக்க வேண்டாம். அப்படி ஒரு தடவை சும்மா வரத் தெரியாமல்தான் எங்கள் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் நான் ஒரு குழி தோண்டினேன்.

பேத்தி இப்போது பெரியவளாகிவிட்டாள். நாய்க்குட்டியைப் பற்றி எங்களுக்குள் பேச்சே வருவதில்லை. அவளுடைய இரண்டாவது கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.