பழைய மோட்டாருக்கு மறுவாழ்வு: எடை பார்க்கும் சட்டமும் பில் தராத கடையும்

மழைக்காலத்தில் குடகு மலைப்பக்கம் போய் வந்தவர்களுக்கு மடிக்கேரியிலிருந்து மாந்தல்பட்டிக்கு ஏறும் ஜீப்புகளைத் தெரிந்திருக்கும். பாறையும் பள்ளமும் சேறுமாகக் கிடக்கும் அந்தப் பாதையில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி பாதி வழியிலேயே நின்றுவிடும். முன் சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டும். ஓட்டுநர்கள் பேச்சில் அதற்குப் பெயர் 'ஃபோர் வீல்'. காப்பித் தோட்டங்களுக்குள் ஆளும் உரமும் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கும் இதே நிலைதான்.

அப்படிப்பட்ட வண்டி ஒன்றின் டாஷ்போர்டில் ஒரு நாள் காலை ஃபோர் வீல் விளக்கு விடாமல் மினுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்விட்சைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் வருகிறது, முன் சக்கரம் அசையவில்லை. கம்பெனி சர்வீஸில் கேட்டால், "டிரான்ஸ்பர் கேஸ் மோட்டார் போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும், ஆர்டர் கொடுத்தால் வரும்" என்கிறார்கள். விலையைக் கேட்டதும் ஓட்டுநர் பெங்களூருக்கு பஸ் ஏறுகிறார். சிவாஜி நகர் குஜரிக் கடைகளில் தேடினால் கழற்றிய மோட்டார் கிடைக்கலாம். ஜே.சி. ரோடில் 'ரீமேனுஃபாக்சர்டு' என்று பெட்டியில் அச்சடித்த மோட்டார் ஒன்றைக் காட்டுகிறார்கள். புதியதை விட விலை வெகுவாகக் குறைவு. வாங்கலாமா?

இது ஒரு ஓட்டுநரின் பிரச்சினை மட்டுமல்ல. பழைய வண்டிகளை என்ன செய்வது என்று மத்திய அரசு 2021 முதல் போட்டுவரும் சட்டங்கள் அனைத்தும் கடைசியில் இந்தக் கடை வாசலில்தான் வந்து நிற்கின்றன.

ஸ்விட்ச் வந்த பிறகு வந்த வினை

பழைய ஜீப்பிலும் மாருதி ஜிப்ஸியிலும் இந்தத் தொல்லை கிடையாது. கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர் இருக்கும். கையால் இழுத்தால் ஃபோர் வீல் விழும். பின்னால் வந்த டாட்டா சஃபாரி, மகிந்திரா ஸ்கார்பியோ போன்றவற்றின் ஃபோர் வீல் வகைகளில் லீவருக்குப் பதில் ஸ்விட்ச் வந்தது. ஸ்விட்சைத் திருப்பினால், டிரான்ஸ்பர் கேஸின் வெளிப்புறத்தில் மாட்டியிருக்கும் சிறிய மின்மோட்டார் சுழன்று, உள்ளே இருக்கும் ஷாஃப்டைத் திருப்பி, முன் சக்கரங்களை இணைக்கும். எந்த நிலையில் நிற்கிறோம் என்பதை மோட்டாருக்குள்ளேயே இருக்கும் சென்சார் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும்.

வசதிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த மோட்டார் வண்டியின் அடிவயிற்றில் சேறும் தண்ணீரும் படும் இடத்தில் தொங்குகிறது. கோடை முழுக்க ஃபோர் வீலைத் தொடாமல் வைத்திருந்தால் உள்ளே கிரீஸ் இறுகிப் போகிறது. முதல் மழையில் திடீரென்று ஸ்விட்சைத் திருப்பும்போது மோட்டார் திணறுகிறது. கார்பன் தேய்கிறது, பல் சக்கரம் உடைகிறது, சென்சாரின் தொடுமுனை அரித்துப் போகிறது. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலைப் போட்டு ஓட்டும் பழக்கமுள்ளவர்களின் வண்டியில் இன்னும் சீக்கிரம் போகும். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடுவதால் உள்ளே முறுக்கு ஏறி, கழற்றவே முடியாதபடி இறுகிக்கொள்ளும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். போனது கார்பனும் ஒரு பல் சக்கரமும் சென்சாரும்தான். மோட்டாரின் உடல், ஷாஃப்ட், செம்புச் சுருள் எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் கம்பெனி கார்பனைத் தனியாக விற்பதில்லை, முழு மோட்டாரைத்தான் விற்கிறது. மறுதயாரிப்பு என்ற தொழிலுக்கு இடம் உண்டாவது இங்கேதான்.

மூன்று சரக்கு, ஒரே பெயர்

கடைவீதியில் மூன்று வகைச் சரக்கு ஒரே பெயரில் உலவுகிறது. முதலாவது, விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி வைத்தது. இரண்டாவது, கெட்டதை மட்டும் மாற்றி ரிப்பேர் செய்தது. மூன்றாவதுதான் உண்மையான மறுதயாரிப்பு. முழுவதுமாகக் கழற்றி, தேயக்கூடிய எல்லாவற்றையும், தேய்ந்ததோ இல்லையோ, புதிதாகப் போட்டு, மேஜையில் மின்சாரம் கொடுத்துச் சோதித்து, புதிய பொருளின் அளவுக்கு வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு கேரண்டியோடு விற்பது. வாங்கும்போது பழைய மோட்டாரைக் கொடுத்துவிட வேண்டும் என்பது இதில் வழக்கம். கொடுக்காவிட்டால் கூடுதலாக ஒரு தொகை கட்ட வேண்டும். பழைய பாட்டரியைக் கொடுத்துப் புதியது வாங்குகிற அதே கணக்குதான்.

மூன்றுக்கும் இடையில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஆனால் பெட்டியின் மேல் ஸ்டிக்கர் ஒட்ட எவருக்கும் அச்சகம் கிடைக்கும்.

ரயில்வே காட்டும் வழி

மறுதயாரிப்பு என்றதும் ஏதோ ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள், தாங்கள் ஊருக்குப் போகும் ரயிலைப் பார்த்தால் போதும். இந்த நாட்டில் மறுதயாரிப்பை மிகப் பெரிய அளவில் செய்வது இந்திய ரயில்வேதான். பெரம்பூரிலும் பொன்மலையிலும் உள்ள பணிமனைகளில் நடப்பதில் பெரும்பகுதி இதுதான். இதற்கென்றே 1981-ல் பாட்டியாலாவில் ஒரு தொழிற்சாலை தொடங்கப்பட்டது. நடுவயதை எட்டிய 2,600 குதிரைசக்தி டீசல் எஞ்சின்கள் அங்கே பிரித்துக் கட்டப்பட்டு 3,100 குதிரைசக்தி எஞ்சின்களாக வெளியே வந்தன. அவற்றை யாரும் 'செகண்ட் ஹாண்ட்' என்று சொன்னதில்லை.

ஏன் சொன்னதில்லை? பெட்டியின் கடைசிப் பக்கச் சுவரில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பதைப் படித்தால் தெரியும். எந்தப் பணிமனையில், எந்தத் தேதியில் முழுப் பராமரிப்பு நடந்தது, அடுத்து எப்போது திரும்பி வர வேண்டும் என்று பெயின்டில் எழுதியிருக்கும். கோளாறு வந்தால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பமே கிடையாது. ஜே.சி. ரோடு பெட்டியில் இல்லாதது இந்த மூன்று வரிதான்.

சட்டம் எதை எண்ணுகிறது?

2021 ஆகஸ்டில் வாகன அழிப்புக் கொள்கையைப் பிரதமர் அறிவித்தார். 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாயிற்று. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்ததற்கு 2025 ஆகஸ்டில் 10,000 என்றானது. பழைய வண்டி வைத்திருப்பவன் அதை விட்டுவிட வேண்டும் என்பதே இதன் பொருள்.

அடுத்து சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகளை 2025 ஜனவரியில் வெளியிட்டது. அவை அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. முன்பு விற்ற வண்டிகளில் இருந்த எஃகில் முதல் ஐந்தாண்டுகளுக்குக் குறைந்தது 8 சதவீதத்துக்கு நிகரான அளவு திரும்ப எடுக்கப்படுவதற்கு, வண்டி தயாரிக்கும் கம்பெனிகளே பொறுப்பு. பதிவு பெற்ற அழிப்பு நிலையங்கள் தரும் சான்றிதழ்களை வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். நல்ல ஏற்பாடு. காயலான் கடையில் எண்ணெயும் ஆசிடும் மண்ணில் ஊற்றப்படுவதைப் பார்த்தவர்கள் யாரும் இதை எதிர்க்க மாட்டார்கள்.

ஆனால் கணக்கு எஃகின் எடையில் இருக்கிறது. ஒரு டன் வண்டியை நசுக்கி உலைக்கு அனுப்பினால் சான்றிதழ் உண்டு. அந்த வண்டியிலிருந்து மெனக்கெட்டுக் கழற்றிய டிரான்ஸ்பர் கேஸ் மோட்டார், தராசில் ஒன்றிரண்டு கிலோ கூடத் தேறாது. அதில் எஃகைவிட அலுமினியமும் செம்பும் பிளாஸ்டிக்கும்தான் அதிகம். அதைப் பத்திரமாகக் கழற்ற ஒரு மெக்கானிக்குக் கூலி கொடுப்பதை விட முழு வண்டியையும் அப்படியே நசுக்குவது அழிப்பு நிலையத்துக்கு லாபம். நல்ல பழைய மோட்டார் கைக்கு வராவிட்டால் மறுதயாரிப்புத் தொழில் எதை வைத்து நடக்கும்? இறக்குமதிக் கொள்கையில் புதுப்பிக்கப்பட்ட இயந்திர உதிரிபாகங்களுக்கு, புதியதன் ஆயுளில் 80 சதவீதமாவது மிச்சம் இருக்கிறது என்ற பொறியாளர் சான்று வேண்டும் என்று விதி வைக்கத் தெரிந்த அரசுக்கு, உள்ளூர்க் கடைக்கும் அப்படி ஓர் அளவுகோல் வைக்க முடியாதா என்ன?

கம்பெனிகளின் பூட்டு

இன்னொரு பக்கம் கம்பெனிகள். உதிரிபாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று 2011-ல் ஒருவர் கொடுத்த புகாரின் பேரில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்தது. 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் வேலை பார்த்தால் கேரண்டி ஒட்டுமொத்தமாக ரத்து என்று நிபந்தனை போடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீடுகளுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' என்ற பெயரில் ஓர் இணையதளம் திறந்தது. கார்களும் அதில் அடக்கம். இருந்தும் வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்க, சிவாஜி நகர் மெக்கானிக் இன்றைக்கும் எங்கிருந்தோ வந்த கருவியைத்தான் நம்பியிருக்கிறார்.

அந்த எண் ஏன் முக்கியம்? விளக்கு மினுக்கினால் மோட்டார்தான் போயிற்று என்று முடிவு கட்ட முடியாது. ஃப்யூஸ், ரிலே, எர்த் வயர், தண்ணீர் ஏறிய கப்ளர் எதுவாகவும் இருக்கலாம். மோட்டாரைக் கழற்றிவிட்டு ஷாஃப்டைக் கையால் ஸ்பேனர் போட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். அது திரும்பாவிட்டால் கோளாறு பெட்டிக்குள்ளே இருக்கிறது. எத்தனை மோட்டார் வாங்கிப் போட்டாலும் எரிந்துபோகும். இதைப் பார்க்காமல் மாட்டிவிட்டு "ரீமேனுஃபாக்சர்டு சரியில்லை" என்று பழி போடுவதும் நடக்கிறது.

மாட்டும் வேலை பெரிய வித்தை இல்லை. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பாட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி, கப்ளரை உருவி, போல்ட்டுகளை எடுத்தால் மோட்டார் கையோடு வரும். ஆனால் பழைய ஷாஃப்ட் எந்த நிலையில் நிற்கிறதோ அதே நிலையில் புதிய மோட்டாரும் இருக்க வேண்டும். பொருந்தாததைப் போல்ட்டால் இறுக்கி உட்கார வைத்தால் அன்றே உடையும். பிறகு சமதரையில், மண் ரோட்டில், ஒவ்வொரு நிலையாகப் போட்டுப் பார்த்த பின்பே மலை ஏற வேண்டும்.

பில் கேட்டால்...

சட்டம் முழுக்கக் கைவிட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய, புதுப்பித்த, மறுபடி கட்டிய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பதை நியாயமற்ற வணிகம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. டெல்லியிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ வாங்கிய பொருளுக்கு, தான் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணுக்கு போன் செய்தும் புகார் சொல்லலாம்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் பில். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். கடைவீதிப் பேச்சு அதனால் மாறிவிடவில்லை. "பில் வேண்டுமா? பதினெட்டு பர்சென்ட் சேரும். வேண்டாமென்றால் இந்த விலைக்கு எடுத்துக்கொண்டு போங்கள்" என்கிறார் கடைக்காரர். சீசன் தொடங்கி வண்டி நிற்கிறது, ஒரு நாள் ஓட்டம் போனால் அந்த மாதத் தவணை இடிக்கும். மடிக்கேரி ஓட்டுநர் கடை வாசலில் நின்று மனதுக்குள் போடும் கணக்கில் பதினெட்டு சதவீதம் சின்னத் தொகை அல்ல. கொடுத்தால், கையில் ஒரு காகிதம் இருக்கும். அதில் கடையின் பெயர், தேதி, மோட்டாரின் எண், கேரண்டி எத்தனை மாதம் என்பது இருக்கும். கொடுக்காவிட்டால் இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவது ஒரு பெட்டியும், அதன் மேல் ஒட்டிய ஸ்டிக்கரும் மட்டுமே.